அகஸ்டஸின் கன்னத்தில் நிறம் இருந்ததா?

2022 கடைசியில் அண்ணன் குடும்பத்தோடு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். பழங்காலச் சிற்பங்களின் நிறத்தைப் பற்றி ‘குரோமா’ என்றொரு கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. கிரேக்க, ரோமானியக் கூடங்களில் வழக்கமாக நிற்கும் வெள்ளைச் சிலைகளுக்கு நடுவே, வண்ணம் பூசிய பிரதிகளை ஆங்காங்கே நிறுத்தியிருந்தார்கள். அவற்றில் ஒன்று முட்டி போட்டு நாணை இழுக்கும் ஒரு வில்லாளி. கையிலும் காலிலும் ஒட்டிப் பிடித்த உடை. அதில் நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சாய்சதுரக் கட்டங்கள். அண்ணி ஊரில் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தவர். கிட்டப் போய் அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “தம்பி, இது முடிச்ச வேலை மாதிரி தெரியலையே. முதல் கோட்டு அடிச்சிட்டு அப்படியே விட்ட மாதிரி இருக்கு. கன்னத்துல ஒரு நிழல்கூட இல்ல” என்றார். “சயின்ஸ்ல கண்டுபிடிச்சு அப்படியே பூசியிருக்காங்க. அதுல நீ என்ன குத்தம் சொல்ற?” என்றார் அண்ணன். அண்ணி விடவில்லை. “பெயிண்ட் இருந்துச்சுன்னு சயின்ஸ் சொல்லும். எப்படிப் பூசினாங்கன்னும் சொல்லுமா?”

அந்தக் கேள்வி என்னோடேயே தங்கிவிட்டது. ரோமானிய வரலாற்றை விரும்பிப் படிக்கிறவன் என்பதால், அதன் பிறகு இது சம்பந்தமாகக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க, கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று உறுதிப்பட்டது. சிலைகள் வெறும் வெள்ளையாக நிற்கவில்லை என்பதை மேற்கில் ஊர் ஒப்புக்கொள்ள வைப்பதற்கே இருநூறு வருடம் ஆகியிருக்கிறது. அந்த வழக்கில் ஜெயித்த வேகத்தில், அடுத்த வழக்கும் சேர்ந்தே முடிந்துவிட்டதாகப் பலர் நினைத்துக்கொண்டார்கள். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைப் பச்சையும் நீலமுமாகப் பார்த்து வளர்ந்த நமக்கு, வண்ணம் பூசிய தெய்வம் என்பதில் அதிர்ச்சி எதுவும் கிடையாது. எனவே நாம் முதல் கேள்வியைச் சீக்கிரம் கடந்து இரண்டாவதற்கு வந்துவிடலாம்.

நிறம் இருந்ததற்குச் சாட்சி ஏராளம். ரோமானியப் பேரரசின் காலத்தில் எழுதிய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், சிலைகளுக்குச் சூட்டு மெழுகில் வண்ணம் ஏற்றுகிறவர்கள், பொன் பூசுகிறவர்கள், சாயம் தீட்டுகிறவர்கள் என்று தனித்தனித் தொழிலாளர்களாகவே குறிப்பிடுகிறார். ரோமில் ‘சென்சார்’ எனப்பட்ட உயர் அதிகாரிகள் பதவி ஏற்றதும் முதலில் செய்ய வேண்டிய காரியங்களில் ஒன்று தெய்வச் சிலையைப் புதுப்பிப்பது, ஏனென்றால் பழைய சிலைகளுக்குப் பூசிய சிவப்பு சீக்கிரம் மங்கிவிடும் என்றும் அவரே சொல்கிறார். திருவிழா நாட்களில் தலைமைத் தெய்வமான ஜூபிடரின் முகத்துக்குச் சிவப்புப் பூசிய வழக்கத்தை ரோமானிய எழுத்தாளர் பிளினி பதிவு செய்திருக்கிறார். 1764இல் பழங்காலக் கலையின் வரலாற்றை எழுதி, உடல் எவ்வளவு வெண்மையோ அவ்வளவு அழகு என்ற எண்ணத்தை ஐரோப்பா முழுக்க விதைத்த ஜெர்மன் அறிஞர் விங்கெல்மன், இத்தாலியின் பொம்பே நகரில் 1760இல் கிடைத்த ஆர்ட்டெமிஸ் என்ற பெண் தெய்வத்தின் சிலையில் நிறத்தைக் கண்ணாரக் கண்டவர். அது ரோமுக்கு முன்பே இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்களின் வேலையாக இருக்கும் என்று அப்போது ஒதுக்கி வைத்தார்.

அந்த வெள்ளை மோகம் செய்த கேடும் சின்னதல்ல. முசோலினி காலத்தில், 1932இல் ரோமில் திறந்த ‘ஸ்டேடியோ தேய் மார்மி’ அரங்கைச் சுற்றி வெள்ளைக் கர்ராரா சலவைக்கல்லில் விளையாட்டு வீரர்களை வரிசையாக நிறுத்தினார்கள். பழைய ரோமே எழுந்து வந்ததுபோல அதைக் காட்டிக்கொண்டார்கள். 2017இல்கூடச் சிலைகளின் நிறத்தைப் பற்றி எழுதிய ஓர் அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியருக்கு மிரட்டல்கள் வந்தன. ஆகவே ‘நிறம் இருந்தது’ என்று உரக்கச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்குப் புரிகிறது, அப்படிச் சொன்னவர்கள் மேல் எனக்கு மரியாதையும் உண்டு. அந்த மரியாதையோடுதான், எந்தச் சான்று எவ்வளவு கனம் தாங்கும் என்று கேட்கிறேன்.

மிஞ்சியது எது, போனது எது

சிலையில் இன்று கிடைக்கும் நிறம் என்பது அன்று பூசிய நிறத்தின் மாதிரித் துண்டு இல்லை. காலம் எதை விட்டுவைத்ததோ அதுதான் நம் கையில் இருக்கிறது. காவிக்கல் மண்ணிலிருந்து வந்தது. மண்ணுக்குள் ஆயிரம் வருடம் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. மஞ்சிட்டி வேரிலிருந்து எடுக்கும் இளஞ்சிவப்பு வெயில் பட்டால் வெளுத்துப் போகும். சாதிலிங்கம் என்ற பளிச்சென்ற சிவப்பின் கதையை ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸே சொல்கிறார்: அவென்டைன் குன்றில் ஃபபேரியஸ் என்ற எழுத்தர் தன் வீட்டுத் திறந்த முற்றத்துச் சுவர்களுக்கெல்லாம் ஆசையாகச் சாதிலிங்கம் பூசினாராம். முப்பதே நாளில் வெயில் பட்டுத் திட்டுத்திட்டாகக் கெட்டுப்போக, வேறு நிறம் பூச மறுபடி ஆள் பிடித்தாராம். அப்படி ஆகாமல் இருக்க மெழுகையும் கொஞ்சம் எண்ணெயையும் சூடாக்கிப் பூசி, துணியால் தேய்த்து மெருகேற்றும் முறையை அவர் விவரிக்கிறார். ஆடையில்லாத சலவைக்கல் சிலைகளுக்கும் இதையே செய்வார்கள் என்று கூடவே ஒரு வரி. மெழுகும், வண்ணத்தைப் பிடித்து வைக்கும் முட்டையும் பிசினும் முதலில் அழிபவை. மேல்பூச்சு போகும், அடிப்பூச்சு கல்லின் நுண்துளைக்குள் ஒட்டிக் கிடக்கும்.

இயற்கை விட்டுவைத்ததை மனிதர்கள் கழுவினார்கள். மறுமலர்ச்சிக் காலம் தொட்டு ரோமில் தோண்டியெடுத்த சிலைகளை அமிலம் போட்டுக் கழுவி, சுரண்டி, பளபளப்பாக்கித்தான் பிரபுக்களின் மாளிகைகளில் வைத்தார்கள். சாந்தில் அச்சு எடுக்கும்போது ஒட்டியிருந்த நிறமும் அச்சோடு உரிந்து வந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1937–38இல் ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் சிற்பங்களைச் செம்புக் கருவிகளால் சுரண்டியது பெரிய அவமானமாகவே முடிந்தது.

இதையெல்லாம் தாண்டி எஞ்சிய துகளைக் கண்டுபிடிக்கும் வழிகள் அருமையானவை. எகிப்திய நீலம் என்பது மணல், சுண்ணாம்பு, செம்பு மூன்றையும் சூளையில் சுட்டு எடுக்கும் செயற்கை நிறமி. இத்தாலியில் புத்தியோலி ஊரில் வெஸ்டோரியஸ் என்பவர் அதைச் செய்யத் தொடங்கியதாக விட்ருவியஸ் எழுதுகிறார். அதன்மேல் சாதாரண ஒளியைப் பாய்ச்சினால், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், சுமார் 910 நானோமீட்டர் அலைநீளத்தில் அது ஒளிரும். தகுந்த வடிகட்டி போட்ட கேமராவில், இருட்டில் தெரியும் நட்சத்திரங்கள் மாதிரி ஒவ்வொரு துகளும் வெள்ளையாக மின்னும். ஜியோவான்னி வெர்ரி 2009இல் இந்த முறையை வெளியிட்ட பிறகு, வெறும் கல் என்று நினைத்த பல சிலைகளில் நீலம் வெளிப்பட்டது. ஆனால் இந்தக் கேமரா நீலத்தைத்தான் காட்டும். அந்த நீலத்தோடு எது கலந்திருந்தது, அதன்மேல் மெல்லியதாக எது ஓடியது என்பதற்கு வேறு வேறு கருவிகள் வேண்டும். பல சமயம் அந்த மேல்பூச்சே இல்லாமல் போயிருக்கும். அண்ணி சொன்ன ‘முதல் கோட்டு’ நெடுநாள் கழித்து எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான். நிலைத்த அடிநிறத்தை அளந்து, அதே நிறத்தைப் பிரதி முழுக்கப் பூசினால், ஓவியன் எங்கே தொடங்கினான் என்பது தெரியும். அவன் முடித்த இடம் தெரியாது.

தோலுக்குச் சான்று இரண்டு பக்கமும்

இந்த விவாதத்தின் முடிச்சு தோல்தான். உடை, முடி, உதடு, கண் ஆகியவற்றுக்கு நிறம் உண்டு என்பதில் பெரிய சண்டை இல்லை. முகத்துக்கும் கைகாலுக்கும் பூசினார்களா, அல்லது மெழுகு தேய்த்த சலவைக்கல்லையே தோலாக விட்டார்களா?

ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் சிலை ஒன்றை, பிரிமா போர்ட்டா என்ற இடத்தில் கிடைத்ததை எடுத்துக்கொள்வோம். 1863இல் ரோமுக்கு வடக்கே, பேரரசி லிவியாவின் மாளிகை இருந்த இடத்தில் கிடைத்த சிலை. இரண்டு மீட்டருக்குச் சற்று அதிக உயரம். இப்போது வாத்திக்கனில் நிற்கிறது. கண்டெடுத்தபோதே அதில் நிறம் இருந்ததைக் குறித்து வைத்திருக்கிறார்கள். மார்புக்கவசத்தில், ரோமின் கிழக்கத்திய எதிரிகளான பார்த்தியர்கள் ரோமப் படையின் கொடிச்சின்னத்தைத் திருப்பிக் கொடுக்கும் காட்சி. அந்தச் சின்ன உருவங்களிலும், இடுப்பில் சுற்றிய மேலாடையிலும் சிவப்பும் நீலமும் தெரிந்தன. பாவ்லோ லிவெரானியின் குழு இந்தச் சுவடுகளை ஆராய்ந்து ஒரு வண்ணப் பிரதி செய்தது. அதில் மேலாடை சிவப்பு, கவசத்து உருவங்கள் பல நிறம், ஆனால் தோலும் கவசத்தின் வெற்றுப் பரப்பும் வெள்ளை. அங்கே சுவடு கிடைக்கவில்லை, ஆகவே பூசவில்லை. 2014இல் ஸ்பெயினின் தார்ராகோனா நகரில் ரோமானிய விழாவுக்காக இன்னொரு பிரதி செய்தபோது தோலுக்கும் நிறம் கொடுத்தார்கள். ஒரே சிலைதான். ஒரு பிரதியில் அகஸ்டஸ் வெண்கல்லில் தெய்வம் போல நிற்கிறார், இன்னொன்றில் வெயிலில் நின்று வந்த தளபதி மாதிரி இருக்கிறார். சுவடு இல்லாத இடத்தை என்ன செய்வது என்ற ஒரே முடிவில் வந்த வித்தியாசம் இது.

எழுத்துச் சான்றும் இரண்டு பக்கமும் இழுக்கிறது. உங்கள் சலவைக்கல் சிலைகளில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டபோது, ஓவியர் நிக்கியாஸ் கைவைத்த சிலைகள்தான் என்று கிரேக்கச் சிற்பி பிராக்ஸிடெலீஸ் சொன்னதாகப் பிளினி எழுதுகிறார். பெயர் பெற்ற ஓவியர் ஒருவர், உலகப் புகழ் சிற்பியின் சிலைக்கு வண்ணம் தீட்டுகிறார், சிற்பியே அதை ஒப்புக்கொள்கிறார். அவ்வளவு மதிப்பான வேலை உடையின் கரையோடு நின்றிருக்குமா என்று ஒரு தரப்பு கேட்கும். அதே பிராக்ஸிடெலீஸின் நைடோஸ் நகரத்து அஃப்ரொடைட்டி என்ற காதல் தெய்வத்தின் சிலையைப் பற்றி, ரோமானியக் காலத்துக் கிரேக்க எழுத்தாளர் லூசியன் பெயரில் வழங்கும் ஒரு நூல் வேறொன்று சொல்கிறது: அவள் தொடையில் ஒரு கறை, சுற்றிலும் உள்ள கல்லின் பிரகாசத்தால் அது எடுப்பாகத் தெரிந்தது. தொடைக்கு வண்ணம் பூசியிருந்தால் கல்லின் பிரகாசம் எங்கிருந்து வரும்? லூசியனே எழுதிய உரையாடல் ஒன்றில், பேரழகி ஒருத்தியை விவரிக்க, பெரிய சிற்பிகளின் சிலைகளிலிருந்து முகம், கழுத்து, கை என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்க்கிறார்கள். பிறகு, நிறம் வேண்டுமே என்று ஓவியர்களைக் கூப்பிடுகிறார்கள். முடிக்கு யூஃப்ரானோர், புருவத்துக்கும் கன்னச் சிவப்புக்கும் பாலிக்னோட்டஸ், உதட்டுக்கு ஏட்டியோன். உடம்புக்கு அப்பெல்லீஸ்: ரொம்ப வெள்ளையாக வேண்டாம், ரத்தம் ஓடுகிற மாதிரி இருக்கட்டும். சிலைகளிலேயே தோல் நிறம் நிறைவாக இருந்திருந்தால் ஓவியர்களை எதற்குத் தனியாக அழைக்க வேண்டும் என்றும் இதைப் படிக்கலாம். சிற்பியும் ஓவியனும் சேர்ந்தால்தான் உருவம் முழுமையாகும் என்று அந்தக் காலத்து வாசகன் நினைத்ததாகவும் படிக்கலாம்.

நான் பார்த்த வில்லாளிக்கு அதிக தூரமில்லாமல், அதே மெட்ரோபாலிட்டனில் தென் இத்தாலியில் கிடைத்த ஒரு மது ஜாடி இருக்கிறது, கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் மேல் ஒரு சித்திரம். ஓர் ஓவியன் ஹெர்குலிஸ் சிலைக்கு வண்ணம் ஏற்றிக்கொண்டிருக்கிறான். உதவியாள் கருவிகளைச் சூடு பண்ணுகிறான். நிஜ ஹெர்குலிஸே பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறான். ஓவியன் தீட்டுவது சிலை போர்த்தியிருக்கும் சிங்கத்தோலை. சிலையின் உடம்பு வெள்ளையாகவும், உயிருள்ள ஹெர்குலிஸின் உடம்பு களிமண்ணின் செம்மையாகவும் இருக்கிறது. வேலை பாதியில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், எனக்கு இது தோலை விட்டுவைத்த கட்சிக்குப் பலமான சாட்சி. குறைந்தபட்சம் சில சிலைகளில், சில காலத்தில்.

எஸ்குயிலின் குன்றில் கிடைத்த தலை

இப்படி ஊசலாடிக்கொண்டிருந்த எனக்கு ஒரு பிடி கிடைத்தது, ரோமின் எஸ்குயிலின் குன்றில் கிடைத்து 1884இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கிய ஒரு பெண் தலையில். கி.பி. 2ஆம் நூற்றாண்டு. அதன் நிறத்தைக் கவனித்து எழுதிய ஜெர்மன் அறிஞர் கேயோர்க் ட்ரோய் பெயராலேயே அதை ட்ரோய் தலை என்கிறார்கள். வெர்ரியும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வு அந்தத் தோலைப் பற்றியது. முகத்தில் ஒரே ஒரு இளஞ்சிவப்பைக் கலந்து பூசியிருக்கவில்லை. சுண்ணாம்பு வெள்ளை, பல தினுசுக் காவி, வேரிலிருந்து எடுத்த சாயம் என்று கலவை. அதோடு எகிப்திய நீலம். தோலுக்குள் நீலம்! முகத்தை வரையக் கற்றுக்கொண்ட யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தாடைக்குக் கீழும் கண்குழியிலும் நிழல் விழும் இடத்தில் தோலுக்குக் குளிர்ச்சி கொடுக்க ஒரு பொட்டு நீலம் தேவை என்று. வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு நீலத்தை, விலை கொடுத்து வாங்கிய நிறமியை, தோலில் கலக்கிறவன் முதல் கோட்டோடு தூரிகையைக் கழுவி வைக்கிறவன் இல்லை.

பொம்பேக்கு அருகில் உள்ள ஹெர்குலேனியத்தில் 2006இல், கிரேக்கக் கதைகளில் வரும் அமேசான் வீராங்கனை ஒருத்தியின் சிலைத் தலை கிடைத்தது. கி.பி. 79இல் எரிமலை மூடியதிலிருந்து வெளிச்சம் படாமல் கிடந்ததால், செம்பழுப்பு முடியும் கண்களும் அப்படியே இருக்கின்றன. அதன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இமை மயிர்கள் ஒவ்வொன்றாகத் தெரியும், மெல்லிய தூரிகை நுனியால் இழுத்த கோடுகள். எகிப்தில் ஃபாயூம் பகுதியில் ரோமானியக் காலத்து மம்மிகளின் மேல் வைத்த முகச் சித்திரங்களும் இதே கைத்திறன்தான். மெழுகில் குழைத்த வண்ணம், மூக்கு நுனியில் ஒளி, கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதே பேரரசு, அதே நூற்றாண்டுகள். பலகையில் இவ்வளவு தெரிந்தவர்கள் சலவைக்கல்லுக்கு முன்னால் வந்ததும் அத்தனையையும் மறந்துபோயிருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. உயரமான கோயில் முகப்பில் நிற்கும் சிலையைத் தரையிலிருந்து பார்க்க வேண்டும், வெயிலில் நிறம் வெளுத்துத் தெரியும், அழுத்தமாகப் பூசினால்தான் எட்டும். அந்த வில்லாளி கி.மு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கிரேக்க வேலை, கோயில் முகப்பில் நின்றவன். அவனுக்குத் தட்டையான பளிச்சென்ற நிறமே சரியாக இருக்கலாம். ஆனால் அவனுக்கும் ட்ரோய் தலைக்கும் நடுவில் அறுநூறு வருடத்துக்கு மேல் ஓவியம் வளர்ந்திருக்கிறது. இரண்டையும் ‘பழங்காலம்’ என்று ஒரே கூடையில் போட்டு ஒரே மாதிரி பூசுவதைத்தான் நான் மறுக்கிறேன்.

மங்காத சாட்சிகள்

நிறமியை நம்ப முடியாவிட்டால் உலோகத்தைப் பார்க்கலாம். 1885இல் ரோமின் குயிரினால் குன்றில் கிடைத்த வெண்கலக் குத்துச்சண்டை வீரன், இப்போது பலாட்ஸோ மாஸ்ஸிமோ அருங்காட்சியகத்தில் உட்கார்ந்திருக்கிறான். உதடு செம்பு. முகத்துக் காயங்களுக்குள் செம்பு. கண்ணுக்குக் கீழே கன்றிப்போன வீக்கத்துக்கு வேறு கலவை உலோகம் வார்த்திருக்கிறார்கள், அதனால் அது சற்றுக் கருத்துத் தெரிகிறது. வலது கையிலும் தொடையிலும் ரத்தத் துளிகள், அவையும் செம்பு. தலையைத் திருப்பியபோது முகத்திலிருந்து தெறித்து விழுந்த துளிகள் அவை. இந்த நிறத்தை யாரும் கழுவ முடியவில்லை. இதைச் செய்தவர் நிறத்தை அலங்காரமாகப் போடவில்லை. சண்டை முடிந்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்பதைக்கூட அந்தத் துளிகளால் சொல்கிறார்.

கல்லும் சாட்சி சொல்லும். அகஸ்டஸின் நண்பர் மைசீனஸின் தோட்டம் இருந்த ரோம் நகர இடத்தில் கிடைத்த சிலை மார்சியாஸ், கிரேக்கக் கதையில் உயிரோடு தோலுரிக்கப்பட மரத்தில் கட்டித் தொங்குபவன். அவனை இன்றைய துருக்கியில் இருந்த ஃபிரிஜியாவிலிருந்து வந்த பவொனாட்செட்டோ என்ற ஊதா நரம்போடிய சலவைக்கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். கல்லின் நரம்பே உரித்த சதையாகிறது. அவனும் ஃபிரிஜியாக்காரன்தான். பேரரசர் ஹேட்ரியனின் மாளிகையில் கிடைத்த ஃபான் என்ற காட்டுத் தெய்வத்தின் உடம்பு முழுக்கச் சிவப்புக் கல், குடித்து முகம் சிவந்தவன் போல. ரோம் போரில் வென்ற டேசியர்களைக் கைதிகளாகக் காட்டி, உடை நிறக்கல்லிலும் முகமும் கையும் வெள்ளைக் கல்லிலும் அமைந்த சிலைகள் உண்டு. எந்த நிறம் எந்த உருவத்துக்கு, எவ்வளவு, எங்கே நிறுத்துவது என்று ரோமில் கணக்குப் பார்த்தே செய்திருக்கிறார்கள்.

பிரதி செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2003இல் மியூனிக்கில் தொடங்கி ஊர் ஊராகக் கண்காட்சி வைத்த வின்சென்ஸ் பிரிங்க்மன், உல்ரிக்கே கோக்-பிரிங்க்மன் தம்பதி தங்கள் வேலையைப் பரிசோதனை என்றுதான் சொல்கிறார்கள். கோபன்ஹேகனில் இருக்கும், ரோமானியப் பேரரசன் கலிகுலாவின் தலைக்கு முதலில் தட்டையாகப் பூசிய ஒரு பிரதியும், பின்னர் நிழலும் அடுக்கும் சேர்த்து இன்னொன்றும் செய்தார்கள். இரண்டாவதில் அவன் உங்களைத் திரும்பிப் பார்க்கிற மனிதனாக இருக்கிறான். ஆனால் பத்திரிகைகளில் வந்து, பகிரப்பட்டு, ‘ரோமானியச் சிலைகள் உண்மையில் இப்படித்தான் இருந்தன’ என்ற வரியோடு சுற்றுவது பெரும்பாலும் ஒற்றைப் பிரதியின் ஒற்றைப் படம். அண்ணன் அதைத்தான் விஞ்ஞானம் என்று எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அப்படித்தான் அவருக்குக் காட்டினார்கள்.

எனக்கு வேண்டியது ஒரு கூடத்தில் மூன்று அகஸ்டஸ். முதலாவதில், சுவடு கிடைத்த இடத்தில், கிடைத்த நிறம் மட்டும், மிச்சமெல்லாம் வெறும் கல். இரண்டாவதில் தோல் மெழுகிட்ட சலவைக்கல், உடையும் முடியும் உதடும் முழு வேலைப்பாட்டோடு. மூன்றாவதில் தோலுக்கும் நிறம், ட்ரோய் தலையில் பார்த்தது போல அடுக்கடுக்காக, ஃபாயூம் சித்திரங்களைப் படித்த ஒரு நல்ல ஓவியர் கையால். மூன்றையும் சாந்தில் செய்யக் கூடாது. அசல் சிலை பாரோஸ் தீவுச் சலவைக்கல், ஒளியை உள்ளே வாங்கி வெளியே விடுகிற கல். சாந்தின் மேல் பூசிய சிவப்பும் அதன் மேல் பூசிய சிவப்பும் ஒன்றாக இருக்கவே முடியாது. செலவு பிடிக்கும் காரியம்தான். ஒவ்வொன்றின் கீழேயும் எது கண்டது, எது ஊகித்தது என்று எழுதி வைக்கட்டும், பார்க்கிறவர்கள் மூன்றுக்கும் நடுவில் நின்று சண்டை போட்டுக்கொள்ளட்டும்.